எருவிலிருந்து எழும் வாயு: டென்மார்க் விவசாயிகள் போட்ட கணக்கு

எரு இட்டால் நிலம் வளம் பெறும் என்பது விவசாயிகள் அறியாத செய்தி அல்ல. ஆனால் வயலில் இட்ட எருவின் சத்து முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. அதில் உள்ள தழைச்சத்தில் ஒரு பங்கைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. ஒரு பங்கு நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. இன்னொரு பங்கு வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அப்படி மேலே போவதில் ஒரு சிறு பகுதி, பூமியின் வெப்பத்தை உயர்த்தும் வாயுவாக இருக்கிறது.

இந்த இழப்பைத் தேசம் முழுவதற்கும் கணக்கிட்டு, அதைக் குறைக்கச் சட்டமும் போட்ட நாடு டென்மார்க். அங்கே என்ன செய்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நம் விவசாயிகளும் தெரிந்துகொள்வது நல்லது.

மனிதரைவிடப் பன்றிகள் அதிகம்

டென்மார்க் சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகை சுமார் 60 லட்சம். நிலத்தில் பாதிக்கு மேல் சாகுபடியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி பன்றிக் குட்டிகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. இவற்றுடன் கறவை மாடுகளும் உண்டு. பன்றி இறைச்சியும் வெண்ணெயும் அந்த நாட்டின் பழைய ஏற்றுமதிச் சரக்குகள்.

கால்நடை மிகுந்தால் எருவும் மிகும். அங்கே எரு பெரும்பாலும் நம் ஊர்க் குப்பைமேட்டு எருவைப்போல உலர்ந்ததாக இருப்பதில்லை. கொட்டகைத் தரையின் கீழே சாணமும் மூத்திரமும் கழுவு நீரும் ஒன்றாகச் சேர்ந்து கூழாக நிற்கின்றன. சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியைப் பார்த்தவர்கள் இதன் பதத்தை எளிதில் ஊகிக்கலாம். இந்த எருக்கரைசலைப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைத்து, பருவம் வந்ததும் டாங்கர் வண்டிகளில் கொண்டுபோய் வயலுக்கு விடுகிறார்கள்.

ஒரு டன் பன்றி எருக்கரைசலில் 4 முதல் 5 கிலோ வரை தழைச்சத்து இருக்கும். ஹெக்டேருக்கு 30 டன் விட்டால் ஏறத்தாழ 130 கிலோ தழைச்சத்து கிடைக்கும். கோதுமைக்கோ பார்லிக்கோ இது கணிசமான அளவு. ஆகவே இது கழிவு அல்ல; தொட்டியில் நிற்கும் உரமூட்டை என்றே சொல்ல வேண்டும். அந்த மூட்டையில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பதே நம் கேள்வி.

முதல் ஓட்டை: அம்மோனியா

பன்றி எருக்கரைசலின் தழைச்சத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது அம்மோனியம் என்ற உருவில் இருக்கிறது. பயிர் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய உருவம் இதுதான். காற்றுப் பட்டால் உடனே ஆவியாகிவிடும் உருவமும் இதுவே. கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அம்மோனியாதான்.

கரைசலை வயலின் மேல் வாரி இறைத்து, வெயிலிலும் காற்றிலும் விட்டுவிட்டால், அம்மோனியா வேகமாகப் போய்விடும். இழப்பின் பெரும் பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிகிறது. மேலே சொன்ன 130 கிலோவில் ஏறத்தாழ 90 கிலோ அம்மோனியம். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 30 கிலோ நஷ்டம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 20 கிலோ தழைச்சத்து. எனவே ஒரு ஹெக்டேரில் ஒன்றரை மூட்டை யூரியா காற்றோடு போனதாகக் கணக்கு.

அம்மோனியா நேராகப் பூமியைச் சூடாக்கும் வாயு அல்ல. ஆனால் அது காற்றில் போய், வேறொரு வயலிலோ காட்டிலோ நீரிலோ இறங்குகிறது. இறங்கிய இடத்தில் அதில் ஒரு பகுதி இரண்டாவது வாயுவாக மாறுகிறது. அந்த வாயுவே பெரிய சங்கடம்.

இரண்டாவது ஓட்டை: நைட்ரஸ் ஆக்ஸைடு

ஆஸ்பத்திரிகளில் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயுவைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் ரசாயனப் பெயர் நைட்ரஸ் ஆக்ஸைடு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் இதை உண்டாக்குகின்றன.

மண்ணில் இரண்டு வகை வேலை நடக்கிறது. காற்றோட்டம் உள்ள இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றுப் புகாத ஈரமான இடத்தில் வேறொரு வகை, அந்த நைட்ரேட்டைப் பிரித்து, அதில் உள்ள பிராண வாயுவை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வெளியே விடுகிறது. இந்த இரண்டு வேலைகளின் நடுவிலும் சிறிது நைட்ரஸ் ஆக்ஸைடு கசிகிறது. மண் உலர்ந்திருந்தால் கசிவு குறைவு. நீர் முழுதும் நிறைந்து நின்றால் பெரும்பகுதி தீங்கற்ற நைட்ரஜனாகவே முடிந்துவிடும். நன்கு நனைந்த, ஆனால் தண்ணீர் கட்டாத மண்ணில்தான் கசிவு மிக அதிகம். புது எருக்கரைசல் அந்த நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தையும் தருகிறது, ஈரத்தையும் தருகிறது, எளிதில் சிதையும் தீனியையும் தருகிறது. விருந்து வைத்தது போலாகிவிடுகிறது.

கசியும் அளவு சிறியது. உலக நாடுகள் கணக்குப் போடுவதற்காக 2006-ல் வகுத்த வழிமுறையில், இட்ட தழைச்சத்தில் 100-க்கு 1 பங்கு இப்படிப் போவதாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வீரியம் பெரியது. 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 273 கிலோ கரியமில வாயு செய்யும் அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. வெளியே போனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் காற்றில் தங்குகிறது. மேலே உள்ள ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

ஒரு ஹெக்டேர் கணக்கு

நம் 130 கிலோவைக் கொண்டே கணக்கிடுவோம். 100-க்கு 1 என்றால் 1.3 கிலோ நைட்ரஜன். இது நைட்ரஸ் ஆக்ஸைடாக ஆகும்போது எடை சுமார் 2 கிலோ. அதை 273-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இது சுமார் 200 லிட்டர் டீசலை எரித்ததற்கு ஈடு. எரு விட வந்த டிராக்டரின் புகையைக் கண்ணால் பார்க்கிறோம். மண்ணிலிருந்து சத்தமில்லாமல் போவதோ அதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் எருவே வேண்டாம், ரசாயன உரமே போதும் என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறான முடிவு. 2019-ல் அந்த வழிமுறையைத் திருத்தியபோது, ஈரமான தட்பவெப்பம் உள்ள நாடுகளில் ரசாயன உரத்துக்கு 100-க்கு 1.6 என்றும், எரு போன்றவற்றுக்கு 100-க்கு 0.6 என்றும் பிரித்தார்கள். ரசாயன உரம் செய்ய இயற்கை எரிவாயுவைச் செலவிட வேண்டும் என்பது வேறு. எருவும் உரமும் இரண்டும் தேவைக்கு மேல் விழுவதே கேடு. டென்மார்க்கில் நடந்ததும் இதுதான். எருவை எருவாக இட்டார்கள். அதன் சத்தைக் கணக்கில் சேர்க்காமல், மூட்டை உரத்தையும் முழு அளவு இட்டார்கள்.

செத்த இறால்கள் கிளப்பிய கேள்வி

இந்த விஷயம் வெப்ப வாயுவைப் பற்றிய கவலையால் தொடங்கவில்லை. 1986 அக்டோபரில், கட்டகாட் கடலில் மீனவர்கள் பிடித்துவந்த செத்த இறால்களை டென்மார்க் டெலிவிஷன் காட்டியது. வயல்களிலிருந்து வடிந்த தழைச்சத்து கடலில் பாசியைப் பெருக்கி, பாசி அழுகிப் பிராண வாயு தீர்ந்து, கடலடி உயிர்கள் மூச்சுத் திணறிச் செத்தன. நாடெங்கும் பெரும் பேச்சாயிற்று. மறு ஆண்டே, 1987-ல், நீர்நிலைகளுக்குப் போகும் தழைச்சத்தைப் பாதியாகக் குறைப்பது என்ற திட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்றது. 1998-லும் 2004-லும் மேலும் இரு திட்டங்கள் வந்தன.

அவற்றில் விவசாயிக்கு வந்த கட்டளைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

1. அறுவடைக்குப் பின் வெறும் நிலத்தில் எருக்கரைசல் விடக்கூடாது. பயிர் இல்லாத குளிர்காலத்தில் விட்டால் சத்து மழையோடு வடிந்துவிடும். பெரும்பாலான பயிர்களுக்குப் பிப்ரவரி 1-க்குப் பிறகே விடலாம்.

2. அதுவரை தேக்கி வைக்க, ஏறத்தாழ 9 மாதக் கரைசல் கொள்ளும் தொட்டி வேண்டும். தொட்டிக்கு மூடியோ, மேலே கெட்டியான ஆடையோ இருக்க வேண்டும்.

3. வெறும் நிலத்தில் எரு விட்டால் விரைவில் மண்ணோடு கலந்துவிட வேண்டும். முதலில் 12 மணி நேரம் கெடு கொடுத்தார்கள். பிறகு அதை 6 மணி நேரமாகக் குறைத்தார்கள்.

4. கரைசலை வானத்தில் வாரி இறைக்கும் முறை 2003-ல் தடை செய்யப்பட்டது. பயிர் வரிசைகளின் நடுவே தரையை ஒட்டி விடும் தொங்கு குழாய்களும், மண்ணைக் கீறி உள்ளே செலுத்தும் கருவிகளும் வந்தன.

5. தானிய அறுவடைக்குப் பின் நிலத்தில் ஒரு பங்கில் கடுகு, முள்ளங்கி, புல் போன்றவற்றை விதைக்க வேண்டும். இவை விற்பனைக்கு அல்ல. மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதற்காக.

6. ஒவ்வொரு விவசாயியும் ஆண்டுதோறும் உரக் கணக்கு எழுதி அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இவற்றில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆறாவது.

கருவியைவிடக் கணக்கு முக்கியம்

காரணம் இதுதான். மண்ணைக் கீறி எருவை உள்ளே விட்டால், அம்மோனியா இழப்பு மிகவும் குறைகிறது. ஆனால் ஒரு கீறலுக்குள் தழைச்சத்தும் ஈரமும் ஒன்றாகக் குவிவதால், நைட்ரஸ் ஆக்ஸைடு கசிவு சில மண்ணில் கூடிவிடுகிறது. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டையில் ஒழுகுவதுபோல. கருவி மிச்சப்படுத்திய தழைச்சத்தை விவசாயி கணக்கில் கழித்துக்கொண்டு, அந்த அளவுக்கு மூட்டை உரத்தைக் குறைத்தால்தான் நாட்டுக்கும் காற்றுக்கும் லாபம். கழிக்காவிட்டால், மிச்சம் பிடித்ததும் மண்ணில் உபரியாகி, நுண்ணுயிர்களுக்கே இரையாகும்.

டென்மார்க் அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பயிருக்கும் இவ்வளவு தழைச்சத்து என்று உச்ச வரம்பு வைத்தது. பன்றி எருக்கரைசலில் உள்ள தழைச்சத்தில் 75 சதவீதம் மூட்டை உரத்துக்குச் சமம் என்று 2003 வாக்கில் நிர்ணயித்தது. அதாவது, எருவில் 100 கிலோ இருந்தால், மூட்டை உரத்தில் 75 கிலோவைக் கழித்துக்கொள்ள வேண்டும். எருவை வீணாக்கும் விவசாயிக்கு அந்த 75 கிலோ நஷ்டம் அவர் வயலிலேயே தெரியும். ஆகவே போலீஸ் வந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலே, எருவைக் கவனமாக இடுவதில் அவருக்கே அக்கறை வந்தது.

பலன் என்ன? 1990-ல் டென்மார்க் ஏறத்தாழ 4 லட்சம் டன் ரசாயனத் தழைச்சத்தைப் பயன்படுத்தியது. 2003-க்குள் அது ஏறத்தாழ 2 லட்சம் டன் ஆயிற்று. வேருக்குக் கீழே வடியும் நைட்ரேட்டும் 1980-களில் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கால்நடை வளர்ப்போ குறைந்துவிடவில்லை. 100-க்கு 1 என்ற பழைய வழிமுறைப்படியே கணக்கிட்டாலும், வாங்காமல் விட்ட 2 லட்சம் டன்னால் தவிர்ந்த நைட்ரஸ் ஆக்ஸைடு, ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமம். கடலைக் காப்பாற்றப் போட்ட திட்டம், காற்றுக்கும் உதவியது.

விவசாயிகளின் குறை

இதை எல்லா விவசாயிகளும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள் என்று எண்ண வேண்டாம். 1998-ம் ஆண்டுத் திட்டத்தில், லாபகரமான மகசூலுக்கு வேண்டிய அளவைவிட 10 சதவீதம் குறைவாகவே உரம் இட வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடைவெளி மேலும் விரிந்தது. கோதுமையில் புரதச் சத்து குறைந்தது. கால்நடைத் தீனிக்கு வேறு புரதம் வாங்க வேண்டியதாயிற்று. எருவைச் சிக்கனமாக இட்டவருக்கும் ஊதாரித்தனமாக இட்டவருக்கும், மணல் நிலத்துக்கும் களி நிலத்துக்கும் ஒரே சட்டமா என்று விவசாயிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

2015 டிசம்பரில் அரசாங்கம் இறங்கிவந்து, வரம்பைத் தளர்த்தியது. ஆனால் அதனால் நீர்நிலைகளுக்கு ஏற்படும் கேட்டைக் குறைத்துக் காட்டியதாக எழுந்த சர்ச்சையில், துறை அமைச்சர் 2016 பிப்ரவரியில் பதவி விலகினார். கடலின் நோயும் முழுதும் தீரவில்லை. 2024 ஏப்ரலில் வைலே என்ற ஊரின் கடற்கழி செத்துவிட்டதாகச் சொல்லி, மக்கள் அதற்கு இறுதிச் சடங்கே நடத்திக் காட்டினார்கள்.

தொட்டியில் மீத்தேன்

வயலில் விட்ட எருவிலிருந்து மீத்தேன் அதிகம் வருவதில்லை; மேல் மண்ணில் காற்றோட்டம் இருப்பதே காரணம். மீத்தேன் உண்டாவது கொட்டகைக் குழியிலும் தொட்டியிலும். மாதக்கணக்கில் தேக்கி வைப்பதால் வரும் தீமை இது. இதற்கு டென்மார்க் கண்ட வழி, பல பண்ணைகளின் எருவைச் சேர்த்துப் பெரிய எரிவாயு நிலையங்களில் புளிக்க வைப்பது. அந்நாட்டின் எரிவாயுக் குழாய்களில் ஓடும் வாயுவில் 2023-ல் ஏறத்தாழ 40 சதவீதம் இப்படி எருவிலிருந்தும் பிற கழிவுகளிலிருந்தும் வந்தது.

வாயு எடுத்த பின் மிஞ்சும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும். அம்மோனிய உருவில் முன்பைவிட அதிகமாக இருக்கும். ஆகவே அதை வயலில் இடும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சில பண்ணைகளில் கரைசலில் கந்தக அமிலம் கலந்து அம்மோனியாவைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

அடுத்த கட்டமாக, கால்நடைகளின் செரிமானத்திலும் எருச் சேமிப்பிலும் எழும் வாயுக்களுக்கு வரி விதிப்பது என்று 2024-ல் அரசாங்கமும் விவசாயச் சங்கமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் உடன்பட்டன. 2030-ல் டன்னுக்கு 300 குரோனர், 2035-ல் 750 குரோனர் என்பது ஏற்பாடு. அதில் 60 சதவீதம் தள்ளுபடி உண்டு. கால்நடைக்கு இத்தகைய வரி போட முன்வந்த முதல் நாடு டென்மார்க்.

நமக்கு எது பொருந்தும்?

டென்மார்க்கின் சட்டங்களும் தொட்டிகளும் நமக்கு அப்படியே பொருந்தா. நம்முடைய கஷ்டம் எரு மிகுதி அல்ல, எருப் பற்றாக்குறை. ஆனால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எந்த நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே கீழ்க்கண்டவற்றை விவசாயிகள் மனத்தில் கொள்ளலாம்:

குப்பைமேட்டை வெயிலிலும் மழையிலும் திறந்து போடாமல், குழியில் இட்டு, மேலே மண்ணோ ஓலையோ போட்டு மூடுங்கள். மாட்டு மூத்திரத்தைத் தரையில் ஓட விடாமல், மண்ணோ சருகோ பரப்பிப் பிடித்து எருவோடு சேருங்கள். எளிதில் கிடைக்கும் தழைச்சத்து அதில்தான் மிகுதி.

வயலில் கொட்டிய எருவைக் குவியல் குவியலாக நாட்கணக்கில் காய விடாதீர்கள். கலைத்த அன்றே உழுது மண்ணில் மூடுங்கள்.

தண்ணீர் கட்டும் நெல் வயலுக்கு நன்கு மக்கிய எருவையே இடுங்கள். மக்காத சாணமும் பச்சை வைக்கோலும் நீருக்கடியில் அழுகினால் மீத்தேன் மிகுதியாக எழும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குப் பாருங்கள். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இட்டால், அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டாலும் 60 கிலோவுக்கு மேல் மண்ணில் சேர்கிறது. முதல் பயிருக்கு அதில் ஒரு பகுதியே கிடைக்கும். மீதி அடுத்த பட்டங்களுக்கு உதவும். எரு இட்ட வயலுக்கும் இடாத வயலுக்கும் ஒரே அளவு யூரியா போடுவது, ஒரே பயிருக்கு இரண்டு முறை பணம் கட்டுவதாகும். மண் பரிசோதனை செய்து, எருவில் கிடைத்ததைக் கழித்து, மீதியை மட்டும் மூட்டையில் வாங்குங்கள். காற்றில் போகாத ஒவ்வொரு கிலோவும் கதிரில் நிற்கும்.